நிரந்தர முகவரி என்ற கட்டம்

உங்கள் மேனேஜர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் படிக்கக் கொடுக்க வேண்டுமாம். "மேடம், உங்க எக்ஸ்பீரியன்ஸை ஒரு பத்து பாயிண்ட்டா எழுதிக் குடுங்க, போதும்" என்றார். முப்பத்தோரு வருஷம் டிராவல் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து வாயாலேயே பிழைத்தவளிடம் பத்து பாயிண்ட் கேட்கிறார்! எனக்குப் பாயிண்ட் போட்டுச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன். பாயிண்ட் வேண்டுமென்றால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு ஆப் இருக்கிறதே.

டிக்கெட் போடுவது, ரீஃபண்ட் வாங்குவது எல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தீவுகளுக்குப் போகிறவர்களின் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தீவு என்றால் ஒரே நினைப்புதான்: கடல், மணல், இளநீர். நடுவில் ஒரு கவுண்டர் இருக்கும் என்று யாரும் நினைப்பதே இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்த நானே நினைக்கவில்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், மனைவியுடன் லட்சத்தீவு போக வேண்டும் என்று வந்தார். "உள்நாடுதான் சார். ஆனா இந்தியாக்காரங்களுக்கும் அனுமதிச் சீட்டு வேணும். அதுக்குப் போலீஸ் சர்டிபிகேட் வேணும்" என்றேன். அவர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் டப்பென்று போட்டார்.

"பாருங்க மேடம். அமெரிக்கா விசா இருக்கு, ஜப்பான் போயிருக்கேன், லண்டன் ரெண்டு தடவை போயிருக்கேன். என் சொந்த நாட்டுத் தீவுக்குப் போக நான் போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிக்கணுமா?"

"ஆமா சார். லண்டன்காரனுக்கு உங்களைத் தெரியாது, விசா குடுத்துட்டான். நம்ம ஆளுங்களுக்கு உங்களைத் தெரியும் இல்லையா?"

மனைவி சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இருந்த கான்ஸ்டபிள் "லட்சத்வீபா? யாக்கே?" என்று கேட்டிருக்கிறார். ஏன் போகிறாய் என்ற கேள்விக்குப் பீச் பார்க்க என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லையாம். திரும்பி வந்து என்னிடம் மாலத்தீவுக்கு டிக்கெட் போடச் சொன்னார். அங்கே போய் இறங்கினாலே விசா கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த நாட்டுத் தீவு அவருக்குச் சொந்த நாட்டுத் தீவைவிடப் பக்கமாகிவிட்டது.

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாஸ்போர்ட் இருந்தால் எங்கேயும் போகலாம் என்று நினைக்கிற அசடுகளைப் பற்றிய கதை என்று நினைத்துச் சிரித்தேன். அந்த அசடுகளின் வரிசையில் நானும் நிற்கிறேன் என்பது செல்வராணி வந்த பிறகுதான் தெரிந்தது.

செல்வராணி ஒரு நர்ஸ். அல்சூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை, அதன் ஹாஸ்டலிலேயே ஜாகை. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி, பாஸ்போர்ட் எடுக்க என்னிடம் வந்தாள். மெலிந்த பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சுபாவம்.

"எந்த ஊரும்மா?"

"கச்சால், மேடம்."

"அது எங்க இருக்கு? சேலம் பக்கமா?"

"நிக்கோபார்ல ஒரு தீவு. எங்க தாத்தா காலத்துல சிலோன்லேர்ந்து வந்தவங்கள அங்க ரப்பர் தோட்டத்துல குடியேத்துனாங்க. அப்பா இன்னும் பால் வெட்டுறாரு. நான் நர்ஸிங் படிக்கத்தான் இங்க வந்தேன்."

நானும் "அப்படியா, சரி சரி" என்று தலையாட்டிவிட்டு அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். காகிதங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

இங்கே என் தொழில் முறையைச் சொல்ல வேண்டும். எல்லாக் காகிதமும் ஒரே பேச்சுப் பேச வேண்டும் என்பது என் கொள்கை. ஆதாரில் ஒரு விலாசம், பேங்கில் ஒரு விலாசம், ரேஷன் கார்டில் ஒரு விலாசம் என்றால் விசாரணைக்கு வருகிற போலீஸ்காரர் குழம்புவார். அவர் குழம்பினால் பாஸ்போர்ட் ஒரு மாசம் தள்ளிப் போகும். ஆகவே மாற்றிப் பேசுகிற காகிதங்களை எல்லாம் எடுத்து ஒரு பழுப்புக் கவரில் போட்டு, பாஸ்போர்ட் வரும்வரை ஆபீஸிலேயே வைத்துக்கொள்வேன். வீட்டில் இருந்தால் இவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், விசாரணைக்கு வந்தவரிடம் 'இதுவும் இருக்கு சார்' என்று ஆசையாய் நீட்டிவிடுவார்கள். அந்தக் கவருக்கு நான் வைத்த பெயர் ஊமைக் கவர். ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

செல்வராணியின் ஆதாரில் கச்சால் விலாசம் இருந்தது. அதை மாற்றி ஹாஸ்டல் விலாசத்தைப் போட வைத்தேன். பேங்கிலும் மாற்றியாயிற்று. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி வரும்: நிரந்தர முகவரியும் தற்போதைய முகவரியும் ஒன்றுதானா? 'ஆம்' என்று ஒரு டிக் போட்டால் ஒரு பக்கம் வேலை மிச்சம். போட்டேன்.

அவள் மட்டும் மெதுவாக, "மேடம், நெரந்தரம்னா கச்சால்தானே?" என்று கேட்டாள்.

"அடி போடி, அந்தக் கடலைத் தாண்டி யாரு வந்து விசாரிக்கிறது? நீ ஜெர்மனி போகணுமா வேண்டாமா?"

கொட்டிய காகிதங்களில் கடைசியாக ஒரு லேமினேட் செய்த அட்டை இருந்தது. தீவில் குடியிருப்பவர்களுக்கு அங்கே கொடுக்கும் அடையாள அட்டை. இரட்டைச் சடை போட்ட பதினான்கு வயசுப் பெண் ஒருத்தி அதில் முறைத்துக்கொண்டிருந்தாள். கச்சால் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நேராக ஊமைக் கவருக்குள் போட்டேன்.

பாஸ்போர்ட் பதினோராம் நாள் வந்துவிட்டது. நான் ஆபீஸ் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். சந்தோஷத்தில் கவரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. நான் மிரட்டிய மிரட்டலில் அந்த அட்டையே ஏதோ குற்றம் என்று அந்தப் பெண் நினைத்திருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து ஜெர்மன் விசாவும் வந்தது. புறப்பட மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்துக்குள் வரும்படியாக அவள் தங்கை புவனாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இவர்களுக்கு அம்மா இல்லை. தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். ஜெர்மனி ஒப்பந்தப்படி போனால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே இந்தக் கல்யாணத்தை விட்டால் அப்பாவையும் தங்கையையும் பார்க்க வேறு வழியில்லை. போர்ட் பிளேருக்கு டிக்கெட் போட என்னிடம்தான் வந்தாள். ஊர்ப் பெயரை இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் வரும் ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறி மட்டும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

"மேடம், அங்கேர்ந்து நிக்கோபார் கப்பலுக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"உள்நாடும்மா! பாஸ்போர்ட்கூட வேண்டாம். ஆதார் போதும். ஸ்வீட் வாங்கிட்டுப் போ" என்று டிக்கெட்டைக் கையில் திணித்தேன். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், நேரமில்லை. வாடிக்கையாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மீதிப் பாதியைக் கேட்டு வாங்க வேண்டும், பிள்ளைகளே. நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அவள் போன் வந்தது.

"மேடம், என்னய வெளியூர்க்காரின்னு சொல்றாங்க."

"யாரு?"

"கப்பல் டிக்கெட் கவுண்டர்ல. ஆதார் பாத்தாங்க, பெங்களூர்னு இருக்கு. பாஸ்போர்ட் காட்டுனேன், அதுலயும் பெங்களூர். நிக்கோபார் பக்கம் போக வெளியூர்க்காரங்களுக்குத் தனி பாஸ் வேணும், எழுதிப் போட்டா வர நாளாகும்னு சொல்றாங்க. கப்பல் புதன்கெழம காலைல மேடம். கல்யாணம் ஞாயித்துக்கெழம. அடுத்த கப்பல் அடுத்த வாரந்தான்."

"நான் அங்க பொறந்தவன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன். பாஸ்போர்ட்ல பொறந்த ஊர் இருந்தா பத்தாது, வீடு அங்கன்னு எந்தக் காகிதத்துல இருக்குன்னு கேட்டாங்க."

டப்பாவை மூடிவைத்தேன். அந்தக் கவுண்டர்க்காரரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கேட்டதில் என்ன தப்பு? அந்தத் தீவுகளின் ஆதிக்குடிகளைக் காப்பாற்றத்தான் அந்த விதி இருக்கிறது. அவர் கையில் இருந்த காகிதங்கள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசின. நான் பேச வைத்த பேச்சு. ஜெர்மனிக்காரன் கதவைத் திறந்து வைத்திருந்தான். இவள் பிறந்த வீட்டுக் கதவைச் சாத்தியது நான் போட்ட ஒரு டிக்.

"புவனா என்ன சொல்றா?" என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"அக்கா வராம மேடைல ஏற மாட்டேன்னு சொல்லிக்கிட்டுருக்கா. இன்னும் நான் இத அப்பாகிட்ட சொல்லல" என்றாள். அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

ஊமைக் கவர் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடினேன். ஆபீஸின் பின்னறையில் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறேழு வயசு இளையவர். தேங்காய் எண்ணெய் தடவிய தலை, எப்போதும் ஒரு ரேடியோ. எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார் என்று அவரைப் பழைய பேப்பர் கடை என்று கேலி செய்வேன். ஆனால் இரண்டு மாதம் முன்னால் முதலாளி எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிட்டு, காகிதத்தை நறுக்கும் மெஷினில் போடச் சொல்லியிருந்தார். அந்த உத்தரவை டைப் அடித்துச் சுவரில் ஒட்டியது யார்? நான்தான்.

"பாய், ஊமைக் கவரெல்லாம் எங்க?"

"போச்சு மேடம். நீங்கதானே நோட்டீஸ் ஒட்டுனீங்க? எல்லாம் மெஷின்ல போட்டாச்சு."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

"என்னா தேடுறீங்க?"

"ஒரு பொண்ணோட அட்டை, பாய். லேமினேட் பண்ணது. ரெட்டைச் சடை."

"அரே, லேமினேட்டா? அத முன்னாடியே சொல்லக் கூடாதா? லேமினேட் நக்கோ, கூடாது மேடம், மெஷின் தின்னாது, பல்லு போயிடும். எல்லாத்தையும் பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருக்கேன்."

டின்னைக் கவிழ்த்தோம். காலாவதியான லைசென்ஸ்கள், யாருடையதோ கல்லூரி அட்டை, ஒரு நூலக அட்டை, அதற்கடியில் இரட்டைச் சடை. அதே முறைப்பு. பாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன், பாவம், பயந்துவிட்டார். முன்யோசனையால் காப்பாற்றினார் என்று எழுதினால் உங்கள் மேனேஜருக்குப் பிடிக்கும். உண்மை அதுவல்ல, மெஷின் ரிப்பேருக்குப் பயந்து காப்பாற்றினார். நம் தொழிலில் பாதிக் காரியம் இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

உடனே அட்டையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ஒரிஜினல் எங்கன்னு கேக்குறாங்க மேடம்."

ஒரிஜினல் எங்கே! முப்பத்தோரு வருஷமாக எத்தனை பேரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி. ஜெராக்ஸை நீட்டினால் அதை விரலால் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். இப்போது கேள்வி கடல் தாண்டி என்னிடமே திரும்பி வந்திருந்தது.

கூரியரில் போட்டால் புதன்கிழமைக்குள் போகாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவசரக் காகிதம் என்றால் அந்த ஊருக்குப் போகிற பயணி யாராவது ஒருவரிடம் ஏர்போர்ட்டில் கொடுத்து அனுப்பிவிடுவோம். மறுநாள் காலை விமானத்தில் எங்கள் டிக்கெட்டிலேயே தேனிலவு ஜோடி ஒன்று போவதாக இருந்தது. அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று முதலாளியும் சொன்னார். போனை எடுத்துவிட்டேன். எண்ணைப் போடவில்லை. அட்டை போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் கவுண்டர்க்காரர் ஆதாரையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஏன் மாறியிருக்கிறது என்று கேட்பார். அந்தப் பெண் வாயடைத்து நிற்பாள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான், தேனிலவு ஜோடி அல்ல. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கே டிக்கெட் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஏர்போர்ட் வாசலில் நின்றேன். காவலர் அடையாள அட்டை கேட்டார். என் ஆதாரை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் தந்தபோதுதான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அதிலிருந்த விலாசத்தைப் படித்தேன். மர்பி டவுன், அல்சூர் பக்கம். அந்த வீட்டை விட்டு, பீன்யா பக்கம் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குக் குடிவந்து எட்டு வருஷம் ஆகிறது. ஊரில் உள்ளவர்களின் விலாசத்தை எல்லாம் மாற்றிக் கொடுத்தவள், என்னுடையதை மாற்றவில்லை. நேரமில்லை என்று மகனிடம் சொல்லிவந்தேன். அது பொய். நான் பிறந்ததும், மாதா கோவில் மணி கேட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஓடியதும், கல்யாணமாகி வந்ததும் எல்லாம் அந்த நாலு தெருவுக்குள். அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. செல்வராணியின் ஊரை மட்டும் ஒரு டிக்கில் அழித்தேனே! எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. பின்னால் நின்றவர் "மேடம், ஸ்வல்ப முந்தே ஹோகி" என்று முன்னால் போகச் சொல்லித் தள்ளிய பிறகுதான் நகர்ந்தேன்.

போர்ட் பிளேரில் இறங்கியதும் அவள் ஓடி வந்தாள். அட்டையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ பிடித்து டிக்கெட் கவுண்டருக்குப் போனபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். கவுண்டரில் இருந்தவர் நடுவயசுக்காரர், நல்ல தமிழ் பேசினார். அட்டையைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார்.

"அட்டைல கச்சால், ஆதார்ல பெங்களூரு. இதுல எதும்மா உண்மை?"

அவள் என்னைப் பார்த்தாள்.

பிள்ளைகளே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு நூறு பொய் தெரியும். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லலாம். பேங்கில் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லலாம். யாருக்கும் நஷ்டமில்லாத, வழுவழுப்பான பொய்கள். ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அதே பொய்களை அந்தப் பக்கமிருந்து அத்தனை வருஷமும் கேட்டிருப்பவர்.

"ரெண்டும் உண்மை சார். இந்தப் பொண்ணு ஊர் கச்சால். பெங்களூர் விலாசம் நான் எழுதினது. பாஸ்போர்ட் சீக்கிரம் வரணும்னு மாத்த வச்சேன். இவ கேட்டா, நான்தான் வாயை அடைச்சேன். தப்பு என்னுது."

"நீங்க யாரு?"

"டிராவல் ஏஜென்ட்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதச் சொல்றதுக்கா பெங்களூர்லேர்ந்து வந்தீங்க?"

"ஆமா சார்."

"எழுதிக் குடுங்க."

ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே சுவரில் வைத்து எழுதினேன். முப்பத்தோரு வருஷத்தில் மற்றவர்களுக்காக எத்தனையோ விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன், 'தவறு என்னுடையது' என்று எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்துக் கோணலாகப் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே அதிகாரியிடம் போனார். மணி பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. செல்வராணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் கூப்பிட்டேன்.

அதிகாரி வெளியே வந்தார். யாருக்கோ போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கச்சால் போலீஸ் அவுட்போஸ்ட் என்று புரிந்தது. அவர் இந்தியில் கேட்க, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், இரைச்சலுக்கு நடுவே, தமிழில் கத்தியது:

"யாரு, செல்வராணியா? ரப்பர் தோட்டத்துப் பெரியவரு மூத்த பொண்ணா? நம்ம பொண்ணுதான் சார்! ஞாயித்துக்கெழம தங்கச்சிக்குக் கல்யாணம், இங்க பந்தக்கால் நட்டாச்சு. சீக்கிரம் ஏத்தி வுடுங்க, சின்னப் பொண்ணு அழுதுக்கிட்டுருக்கு!"

அதிகாரி சிரித்துவிட்டார். கவுண்டர்க்காரர் டிக்கெட்டை எழுதினார். மணி ஒன்றாக ஐந்து நிமிஷம்.

நான் அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் அது மட்டுமில்லை. காகிதம் காகிதம் என்று காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழுதவள் நான். அவ்வளவு காகிதமும் செய்ய முடியாததை, நம்ம பொண்ணுதான் என்று எங்கோ ஒரு தீவிலிருந்து ஒருவர் கத்திய கத்தல் செய்துவிட்டது. அதற்காகக் காகிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த அட்டை இல்லாவிட்டால் அதிகாரி போனையே தொட்டிருக்க மாட்டார். நீங்கள் பாட்டுக்கு நாளைக்கே ஒரிஜினல் இல்லாமல் ஆட்களை அனுப்பிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

புதன்கிழமை காலை துறைமுக வாசல்வரை போனேன். வாசலில் இருந்த காவலர் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள போக முடியாது, வெளியூர்" என்றார். மர்பி டவுன் விலாசம் அங்கே செல்லுபடியாகவில்லை. சரிதானே என்று ஓரமாக நின்றேன். செல்வராணி பெட்டியோடு உள்ளே போனாள். போய்விட்டுத் திரும்பி ஓடி வந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். நான் ஸ்வீட் வாங்கினாயா என்று மட்டும் கேட்டேன்.

கல்யாண போட்டோ வந்தது. மணப்பெண் பக்கத்தில் அக்கா. இரண்டு பேர் முகத்திலும் அதே முறைப்பு, பரம்பரைச் சொத்து போலிருக்கிறது.

ஜெர்மனிக்குப் புறப்படும் முன்பு, வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் கடைசி விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வழக்கம்போல் நான் பேனாவை எடுத்துவிட்டேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம், நிரந்தர முகவரி. பேனா நின்றது. பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுதினால் எந்தக் கேள்வியும் வராது. என் கொள்கைப்படி அதைத்தான் எழுத வேண்டும். தாளை அவள் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தேன்.

"மேடம், இதுல என்ன எழுத?"

"உனக்குத் தெரியாதா? நீயே எழுது."

அந்தக் கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினாள். அதற்கடியில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு கையெழுத்திட்ட கடைசி ஃபைல்களில் அது ஒன்று. காகிதங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுகின்றன என்று தெரிந்தே நான் கையெழுத்திட்ட ஒரே ஃபைலும் அதுதான்.

எதிர்பார்த்தபடியே நாலாம் நாள் கேள்வி வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் விண்ணப்பத்தில் உள்ள முகவரியும் வேறாக இருக்கின்றன, காரணம் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டே வரியில் பதில் எழுதினேன். பாஸ்போர்ட்டில் இருப்பது நான் எழுதியது. இதில் இருப்பது அவள் எழுதியது.

அதற்குமேல் கேள்வி வரவில்லை.